மழலையர் காப்பகமும் நமது கடமையும்

"விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்பது நம் முன்னோர் வாக்கு. பிள்ளைகளின் திறமையைப் புகழும்போதே இப்பழமொழியை நாம் பெரும்பாலும் எடுத்தாளுகிறோம். முளை செழித்திருந்தால் விதை நல்லது என்கிறோம்; வாடியிருந்தால் விதையைக் குறை கூறுகிறோம். அம்முளைக்கு நீர் வார்த்தவர் யார், நிழல் தந்தவர் யார் என்று கேட்பவர் மிகச் சிலரே. அக்கேள்வியைச் செனாய் வட்டாரத்துத் தமிழ்ப் பெற்றோர் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஜொகூர் மண்ணில் வாழும் நமக்குத் தோட்டத் தொழில் புதியதன்று. செம்பனை விதை முளைவிட்டவுடன் அதனை நேரே தோட்டத்தில் நடுவாரில்லை. முதலில் சிறு பையில் மண்ணிட்டு நிழலில் வைப்பர். பின்னர்ப் பெரிய பைக்கு மாற்றுவர். ஏறத்தாழ ஓர் ஆண்டுக் காலம் நாற்றுப்பண்ணையில் தவறாது நீர் பாய்ச்சி, உரமிட்டு, பூச்சி அண்டாமல் காத்த பின்னரே கன்று தோட்டத்திற்குச் செல்லும். இதற்கென அனுபவமுள்ள ஆட்களை நியமிப்பர். ஏன் இவ்வளவு அக்கறை? ஒரு செம்பனை மரம் சுமார் 25 ஆண்டுகள் பலன் தர வேண்டியது. தொடக்கத்தில் நேர்ந்த குறையைப் பின்னாளில் எவ்வளவு உரமிட்டாலும் முழுமையாக ஈடு செய்ய இயலாது என்பதைத் தோட்ட நிருவாகங்கள் நன்கு அறிந்திருந்தன.

அதே தோட்டங்களில் தொழிலாளியின் குழந்தை எங்கே வளர்ந்தது? ஆயாக் கொட்டகையில் வளர்ந்தது. இன்றைய இளம் பெற்றோர் பலர் அக்கொட்டகையைக் கண்டிருக்க மாட்டார்கள். ஆனால் அவர்தம் பெற்றோரும் பாட்டன்மாரும் அதன் தூளிகளில் உறங்கியவர்களே. இரப்பர் மரத்தில் பால் நன்கு வடிவது விடியற்காலைக் குளிர்ச்சியில். ஆதலால் தாயும் தந்தையும் இருள் பிரியுமுன்னே எழுந்து பெரட்டுக்குச் செல்ல வேண்டியிருந்தது. உறக்கம் கலையாத குழந்தையைத் துணியில் சுற்றிக் கொட்டகையில் விட்டுச் சென்றனர். பால்மரம் வெட்ட உடல் வலுவற்றுப்போன மூதாட்டி ஒருவரே பெரும்பாலும் அங்கு ஆயாவாக இருந்தார். வரிசையாகத் தொங்கிய தூளிகளை ஆட்டுவதும், பால் கொடுப்பதும், அழுகையை அடக்குவதும், தவழும் பிள்ளை வெளியே சென்றுவிடாமல் பார்ப்பதும் அவர் பொறுப்பு.

அந்த ஆயாக்களை நாம் குறை கூற முற்படவில்லை. தம் சக்திக்கு மேல் உழைத்து ஒரு தலைமுறையையே உயிரோடு காத்துக் கொடுத்தவர்கள் அவர்கள். ஆயினும் ஒரு கிழவியின் கையில் எத்தனை பிள்ளைகளை ஒப்படைப்பது என்பதற்கு ஓர் எல்லை உண்டு. பல குழந்தைகளை ஒருவர் பார்க்கும்போது அவர் காவலராக இருக்க முடியும். ஒவ்வொரு பிள்ளையோடும் பேசி, சிரித்து, கதை சொல்லி வளர்ப்பவராக இருக்க முடியாது. காவல் வேறு; வளர்ப்பு வேறு. கன்றுக்குக் கிடைத்த கவனம் கூட நம் பிள்ளைகளுக்குக் கிடைக்காமற்போனது அன்றைய நிலைமை.

இன்று நிலைமை மாறியுள்ளது. ஜொகூரில் இரப்பர்க் காடுகள் பலவும் செம்பனைக்கும், பின்னர்த் தொழிற்சாலைகளுக்கும் குடியிருப்புகளுக்கும் இடம் விட்டன. 1974ஆம் ஆண்டில் செனாய் விமான நிலையம் திறக்கப்பட்டது. அதன் பின் செனாய், கூலாய், ஸ்கூடாய் ஆகிய பகுதிகளில் மின்னியல் முதலான தொழில்கள் பெருகின. லயத்து வீடுகளில் வாழ்ந்த நம் மக்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தனர். தாய்மார்கள் ஆலைகளில் முறை வைத்து வேலை செய்கின்றனர். பாலம் கடந்து சிங்கப்பூர் சென்று மீளும் பெற்றோரும் பலர். அவர்கள் புறப்படும் நேரம் பழைய பெரட்டு நேரத்திற்குப் பிந்தியதன்று! பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட பாட்டியோ தொலைவில் வேறோர் ஊரில் இருக்கிறார். அன்றி அவரும் வேலைக்குச் செல்கிறார்.

2023ஆம் ஆண்டு சனவரி முதல் நம் நாட்டில் தனியார் துறைப் பெண் தொழிலாளருக்கான பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்த்தப்பட்டது. இது வரவேற்கத்தக்க முன்னேற்றமே. எனினும் 98ஆம் நாள் முடிந்ததும் தாய் வேலைக்குத் திரும்ப வேண்டும். அப்போது குழந்தைக்கு மூன்று மாதம் நிறைந்து சில நாள்களே ஆகியிருக்கும். கழுத்து அப்போதுதான் நிற்கத் தொடங்கியிருக்கும். அன்று தொடங்கிப் பள்ளியின் முதலாம் ஆண்டில் வந்து அமரும் வரை ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் அக்குழந்தையின் பகற்பொழுது யாருடைய கையில் கழிகிறது? நம் சமுதாயத்தில் திருமணத்துக்கு நாள் பார்க்கிறோம். வீடு வாங்கத் திசை பார்க்கிறோம். குழந்தையை விடும் இடத்தை மட்டும் "பக்கத்திலிருக்கிறது, விலை மலிவு" என்ற இரண்டே காரணங்களால் முடிவு செய்துவிடுகிறோம்.

வேலைக்குச் செல்லும் தாயைக் குறை சொல்வது எளிது. இரண்டு சம்பளமின்றி வீட்டுத் தவணையும் உணவுச் செலவும் ஈடுகொடுக்க முடியாத காலத்தில் அப்பேச்சால் பயனொன்றுமில்லை. குழந்தையைக் காப்பகத்தில் விடலாமா, விடக் கூடாதா என்பதன்று இன்றைய வினா. எத்தகைய காப்பகம் என்பதே வினா.

குழந்தையின் முதல் ஆண்டுகளில் நிகழ்வதென்ன என்பதைச் சற்றே நோக்குவோம். பிறக்கும்போது குழந்தையின் மூளை, வளர்ந்தோர் மூளையின் அளவில் ஏறத்தாழக் கால் பங்கே இருக்கும். ஐந்து வயது நிறைவதற்குள் அது சுமார் 90 விழுக்காடு அளவை எட்டிவிடுகிறது. வாழ்நாளில் வேறெந்தப் பருவத்திலும் இத்தகைய விரைவான வளர்ச்சி இல்லை. பிறந்த சில மாதங்களில் குழந்தையின் செவி உலக மொழிகள் பலவற்றின் ஒலி வேறுபாடுகளைப் பகுத்துணர வல்லது. முதல் ஆண்டு முடிவதற்குள், தன்னைச் சுற்றிக் கேட்கும் மொழியின் ஒலிகளுக்கு அது தன்னைப் பழக்கிக்கொள்கிறது. லகர, ழகர, ளகர வேறுபாட்டை நாம் முதலாம் ஆண்டில் கரும்பலகையில் எழுதிக் காட்டுகிறோம். அதற்கான அடித்தளமோ தூளியிலேயே இடப்பட்டுவிடுகிறது.

இவ்வளர்ச்சி தானாக நிகழ்வதன்று. குழந்தை "ங்கா" என்கிறது, எதிரே இருப்பவர் முகம் மலர்ந்து, "என்னடா கண்ணு, பசிக்கிறதா?" என்கிறார். குழந்தை கையை ஆட்டுகிறது. அவர் அக்கையைப் பிடித்து மீண்டும் பேசுகிறார். இது பந்து எறிந்து பிடிக்கும் விளையாட்டைப் போன்றது. எறிந்த பந்து திரும்பி வந்துகொண்டே இருக்க வேண்டும். வராவிட்டால் குழந்தை நாளடைவில் எறிவதையே குறைத்துக்கொள்ளும். தொலைக்காட்சியும் கைப்பேசியும் ஓயாமல் பேசும். ஆனால் குழந்தைக்கு மறுமொழி கூறா. ஆதலாலன்றோ உலகச் சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் திரையே வேண்டாமென்றும், இரண்டு வயது முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்படலாகாதென்றும் அறிவுறுத்தியது?

நல்ல காப்பகத்தின் பயனை அயல்நாட்டு ஆய்வொன்று நன்கு விளக்குகிறது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இப்சிலாந்தி என்னும் ஊரில், 1962ஆம் ஆண்டு தொடங்கி, ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 123 கறுப்பினக் குழந்தைகளை இரு பிரிவாக்கினர். 58 குழந்தைகள் நன்கு பயின்ற ஆசிரியர்களைக் கொண்ட பெர்ரி பாலர் பள்ளியில் சேர்க்கப்பட்டனர். ஆசிரியர்கள் வீடுகளுக்கும் சென்று தாய்மாரோடு கலந்து பேசினர். மற்ற 65 குழந்தைகளுக்கு அவ்வாய்ப்பு இல்லை. சில ஆண்டுகளில் அறிவுத் தேர்வுகளில் இரு பிரிவினருக்கும் இருந்த வேறுபாடு மறைந்துபோயிற்று. "வீண் முயற்சி" என்று அப்போதே கைவிட்டிருக்கலாம். ஆய்வாளர்கள் கைவிடவில்லை; அப்பிள்ளைகளின் 40ஆம் வயது வரை தொடர்ந்தனர். பாலர் பள்ளியில் பயின்றோரில் 76 விழுக்காட்டினர் அவ்வயதில் வேலையில் இருந்தனர். மற்றப் பிரிவில் 62 விழுக்காட்டினரே. ஐந்து முறையோ அதற்கு மேலோ காவலரிடம் பிடிபட்டோர் மற்றப் பிரிவில் கூடுதலாகவும் இப்பிரிவில் குறைவாகவும் இருந்தனர். எழுத்தையும் எண்ணையும் முந்திக் கற்றதால் விளைந்த பயனாக இதனைக் கொள்ள முடியாது. திட்டமிட்டுச் செயலாற்றுதல், பிறரோடு ஒத்துப்போதல், தொடங்கியதை முடித்தல் ஆகிய பண்புகள் இளமையிலேயே வேரூன்றியதன் பயனென்றே அறிஞர்கள் கருதுகின்றனர்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கனடாவின் குவெபெக் மாநிலம் 1997ஆம் ஆண்டில் நாளொன்றுக்கு ஐந்து டாலர்க் கட்டணத்தில் குழந்தைப் பராமரிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. தாய்மார் பெருமளவில் வேலைக்குச் சென்றனர். ஆனால் இடங்கள் விரைந்து பெருகிய அளவுக்குத் தரம் எல்லா இடத்திலும் பெருகவில்லை. அத்திட்டத்தை ஆராய்ந்த பொருளியலாளர்கள் சிலர், அங்கு வளர்ந்த குழந்தைகளிடம் பதற்றமும் முரட்டுத்தனமும் மிகுந்திருந்ததைக் கண்டனர். கட்டடமும் பெயர்ப்பலகையும் மலிவான கட்டணமும் மட்டும் குழந்தையை வளர்த்துவிடா என்பதற்கு இது தக்க சான்று. இவ்விரு சான்றுகளையும் ஒருசேர நோக்குவோர், காப்பகத்தை ஒரேயடியாகப் புகழவும் மாட்டார்; ஒரேயடியாக இகழவும் மாட்டார்.

தரம் என்றவுடன் குளிரூட்டிய அறையும் வெளிநாட்டு விளையாட்டுப் பொருள்களும் நம் மனக்கண்முன் தோன்றலாம். தரத்துக்கு அவை தேவையில்லை. 1907ஆம் ஆண்டில் ரோம் நகரின் சான் லொரென்சோ ஏழையர் குடியிருப்பில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய மரியா மாண்டிசோரி அம்மையார், 1939ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். அவர்தம் முறையை இந்தியக் கிராமத்துக்கு ஏற்பத் தகவமைத்தவர் தாராபாய் மோடக் அம்மையார். 1945ஆம் ஆண்டில் மகாராட்டிரத்தின் போர்டி என்னும் கடலோரச் சிற்றூரில் அவர் பணியைத் தொடங்கினார். அனுதாய் வாக் அம்மையார் அவருக்குத் துணை நின்றார். ஏழைப் பிள்ளைகள் கூடத்துக்கு வராதபோது, கூடத்தையே அப்பிள்ளைகளின் வீட்டு முற்றத்துக்குக் கொண்டு சென்றனர். கூழாங்கல், இலை, விதை, கிளிஞ்சல் ஆகியவையே அங்குப் பாடக் கருவிகள். முற்றம் எனும் பொருள்பட எழுந்த "அங்கன்வாடி" என்னும் பெயர், 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் இந்திய அரசு 33 வட்டாரங்களில் தொடங்கிய குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் மையங்களுக்கு நிலைத்துவிட்டது. தமிழகத்திலோ 1982ஆம் ஆண்டு சூலை முதல் நாள் தொடங்கப்பெற்ற சத்துணவுத் திட்டம், பள்ளிப் பிள்ளைகளோடு இரண்டு வயதுக் குழந்தைகளையும் பந்தியில் அமர்த்தியது. பொருள் குறைந்த இடத்திலும் அறிந்த கையும் அன்பு நெஞ்சமும் சேர்ந்தால் தரம் உண்டாகும் என்பதை இவை காட்டும்.

நம் நாட்டிலும் இதற்கெனச் சட்டம் உண்டு. 1984ஆம் ஆண்டுக் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டத்தின்படி, ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த, நான்கு வயதுக்குட்பட்ட நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட குழந்தைகளைக் கட்டணம் பெற்றுப் பராமரிக்கும் இடம் சமூக நல இலாகாவில் பதிவு பெற வேண்டும். இவற்றையே "தாஸ்கா" என்கிறோம். ஒரு வயதுக்குட்பட்ட மூன்று குழந்தைகளுக்கு ஒரு பராமரிப்பாளர். ஒன்று முதல் மூன்று வயது வரை ஐந்து குழந்தைகளுக்கு ஒருவர். மூன்று முதல் நான்கு வயது வரை பத்துக் குழந்தைகளுக்கு ஒருவர் என்பது விதி. பழைய ஆயாக் கொட்டகைக்கும் இன்றைய தாஸ்காவுக்கும் உள்ள வேறுபாடு இவ்வெண்களில் அடங்கியுள்ளது. இவ்வெண்கள் காற்றில் விடப்படும் இடத்தில், பெயர்தான் தாஸ்கா, நடப்பது கொட்டகையே. பதிவு பெற்ற இடத்தில் செலுத்தும் கட்டணத்துக்கு வருமான வரிக் கழிவும் உண்டு என்பதைப் பெற்றோர் நினைவிற் கொள்வாராக.

ஆதலால் பெற்றோரே, காப்பகத்தின் கதவைத் தட்டும்போது கட்டணத்தை மட்டும் கேட்டுத் திரும்பாதீர்கள். பதிவுச் சான்றிதழைக் காட்டுமாறு கேளுங்கள். என் குழந்தையின் வயதில் எத்தனை குழந்தைகள், எத்தனை பராமரிப்பாளர்கள் என்று எண்ணிப் பாருங்கள். அதே முகங்கள் ஆண்டு முழுவதும் இருக்குமா, மாதந்தோறும் மாறுமா என்று கேளுங்கள். பழகிய கை மாறிக்கொண்டே இருந்தால் குழந்தையின் மனம் நிலைகொள்ளாது. கைக்குழந்தைகளை மல்லாந்து படுக்க வைக்கிறார்களா என்று பாருங்கள். தொலைக்காட்சி எந்நேரமும் ஓடுகிறதா என்று பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாகச் சிறிது நேரம் அமைதியாக நின்று கேளுங்கள். பெரியவர்கள் குழந்தைகளோடு பேசும் ஒலி கேட்கிறதா? அழும் குழந்தையை நோக்கி யாரேனும் செல்கிறார்களா? முன்னறிவிப்பின்றி வரும் பெற்றோரை மகிழ்வுடன் வரவேற்காத காப்பகம் எதுவாயினும், அதனிடம் எச்சரிக்கையாக இருப்பதே நலம்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். "இவையெல்லாம் சரி; பணத்துக்கு எங்கே போவது?" என்பர். இதனை மழுப்பாமல் கணக்கிட்டுப் பார்ப்போம். 2025ஆம் ஆண்டில் நம் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. மூன்று கைக்குழந்தைகளுக்கு ஒருவர் என்றால், அவருடைய சம்பளத்திற்கு மட்டுமே ஒவ்வொரு குடும்பமும் 566 வெள்ளிக்கு மேல் தர வேண்டும். வாடகை, உணவு, மின்சாரம், ஆலை முடியும் வரை காத்திருக்கும் கூடுதல் நேரம் ஆகியவை தனி. ஆலைத் தொழிலாளிக்கு இது பெருஞ்சுமையே. இதைவிட மிகக் குறைந்த கட்டணம் கூறப்படுமாயின், ஒன்று பராமரிப்பாளரின் வயிற்றில் அடிக்கப்படுகிறது. அல்லது குழந்தைகளின் எண்ணிக்கை விதியை மீறுகிறது. மலிவு என்று நாம் மகிழும் இடத்தில் யாரோ அதற்கு விலை கொடுக்கிறார்கள். பல வேளைகளில் அவ்விலையைக் கொடுப்பது பேசத் தெரியாத குழந்தையே.

இச்சுமையைத் தனிக் குடும்பத்தின் தலையில் மட்டும் ஏற்றுவது அறமாகாது. தொழிலாளரின் உழைப்பால் பயன்பெறும் ஆலைகள் தம் வளாகத்திலோ அருகிலோ காப்பகம் அமைக்க முன்வர வேண்டும். அவ்வாறு செய்யும் முதலாளிகளுக்கு அரசு வரிச் சலுகை அளிக்கிறது. நம் ஆலயங்களும் சங்கங்களும் விழாக்களுக்கெனக் கட்டிய மண்டபங்கள் ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கின்றன. நகராண்மைக் கழகம், தீயணைப்புப் படை, சுகாதார இலாகா ஆகியவற்றின் அனுமதியை முறையாகப் பெற்று, அவற்றில் சிலவற்றையேனும் மழலையர் கூடங்களாக மாற்றலாகாதா? பயிற்சி பெற்ற இளம்பெண்களுக்கு அங்கு மதிப்பான ஊதியமும் வேலையும் கிட்டும். குழந்தைகளுக்கு நல்ல தமிழும் கிட்டும். தமிழைக் காக்க மேடைகளில் முழங்குகிறோம். தமிழ்க் குழந்தை முதல் சொல்லைக் கற்கும் இடத்தில் தமிழ் ஒலிக்கிறதா என்று பார்ப்பது அம்முழக்கத்தினும் பயனுள்ள தொண்டாகும்.

நான்கு வயது நிறைந்தபின் பாலர் வகுப்பு வருகிறது. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பாலர் கல்வியைத் தேசியக் கல்வி முறையின் ஓர் அங்கமாக ஏற்றது. தமிழ்ப்பள்ளிகளில் இயங்கும் கல்வியமைச்சின் பாலர் வகுப்புகளில் ஓர் ஆசிரியரும் ஒரு துணையாளரும் இருப்பர். இடங்கள் அளவானவை. ஆதலின் பெற்றோர் காலந்தாழ்த்தாது பதிந்து பயன்கொள்ள வேண்டும். வகுப்பில்லாத பள்ளிகளுக்கு அதனைப் பெற்றுத் தருவதில் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் விடாமுயற்சி காட்ட வேண்டும். ஆசிரியர்களாகிய நாங்கள் ஆண்டுதோறும் முதலாம் ஆண்டின் தொடக்க வாரத்தில் காண்பது ஒன்றுண்டு. சில பிள்ளைகள் தம் முறை வரும்வரை காத்திருப்பர். தம் தேவையை முழு வாக்கியத்தில் கூறுவர். கீழே விழுந்த தோழனைத் தூக்கிவிடுவர். வேறு சிலர் பேசவே தயங்கி மூலையில் ஒதுங்குவர். இப்பிள்ளைகள் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். அவர்கள் எறிந்த பந்து திரும்பி வராமற்போன ஆண்டுகளை நாங்கள் அம்மௌனத்தில் காண்கிறோம்.

மாணவமணிகளே, உங்களுக்கும் இதில் பங்குண்டு. வீட்டில் தம்பியோ தங்கையோ இருந்தால், கைப்பேசியை அவர்தம் கையில் கொடுத்துவிட்டு விளையாடச் செல்லாதீர்கள். பத்து நிமிடம் அமர்ந்து பேசுங்கள். பள்ளியில் கேட்ட கதையைச் சொல்லுங்கள். நிலவையும் மரத்தையும் காட்டிப் பெயர் கூறுங்கள். நீங்கள் செய்வது சிறு உதவியன்று. ஒரு மூளை வளர உரமிடுகிறீர்கள்.

நம் பாட்டன்மார் வேறு வழியின்றித் தம் மக்களைக் கொட்டகையில் விட்டுச் சென்றனர். நமக்குச் சட்டம் உண்டு, அறிவு உண்டு, ஓரளவு வசதியும் உண்டு. இவை யாவும் இருந்தும் கேளாமலும் பாராமலும் குழந்தையை ஒப்படைப்போமாயின், குற்றத்தை இனித் தோட்ட நிருவாகத்தின் மீது சுமத்த இயலாது. செம்பனைக் கன்றுக்குக் காட்டிய அக்கறையை நம் சேய்களுக்கும் காட்டுவோம். செனாயில் பிறக்கும் ஒவ்வொரு தமிழ்க் குழந்தைக்கும் தாய்மடிக்கு அடுத்தபடியாக ஒரு நல்ல மடி வாய்க்க, பெற்றோரும் ஆலையும் ஆலயமும் பள்ளியும் ஒன்றுபட்டு உழைப்போமாக!